ஒரு பூச்சி எப்போது ‘புதிய சிற்றினம்’ ஆகிறது?

“புதிய பூச்சி இனம் கண்டுபிடிப்பு” என்ற செய்தி அடிக்கடி வருகிறது. இலை மேல் உட்கார்ந்திருக்கும் சின்னப் பூச்சியின் படம், வாயில் நுழையாத இரண்டு சொல் பெயர், ஆய்வாளர் ஒருவரின் பெயர், அவ்வளவுதான். அந்தப் பூச்சி எப்படிப் ‘புதியது’ ஆனது என்பதைச் செய்தி சொல்வதில்லை. ஆகவே படிப்பவர்கள் தாங்களாகவே ஒரு கதையை நிரப்பிக்கொள்கிறார்கள். காட்டுக்குள் போனார், பார்த்தார், பெயர் வைத்தார் என்பது ஒரு கதை. இயற்கையில் இப்போதுதான் இப்படி ஒன்று தோன்றியிருக்கிறது என்பது இன்னொன்று. ஏதோ ஓர் உலக அமைப்பு பரிசீலித்து ஒப்புதல் கொடுத்திருக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. அண்மைக் காலமாக, டி.என்.ஏ. இயந்திரத்தில் போட்டால் புதியதா பழையதா என்று திரையில் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டிருக்கிறது.

நான்கும் தவறு. புதிய சிற்றினம் என்பது ஆதாரத்தோடு முன்வைக்கப்படும் ஒரு வாதம். ‘இதுவரை பெயரிடப்பட்ட எதனோடும் இந்தப் பூச்சி சேராது’ என்று ஒருவர் எழுதி வெளியிடுகிறார். பிறகு வருகிறவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம், பாதியாக வெட்டலாம். செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் பூச்சிகளை எடுத்துக்கொண்டு இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

## யாருக்குப் புதியது?

பூச்சிக்கு அது புதியதல்ல. அது பல லட்சம் ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கும். அந்தச் செடியை வளர்ப்பவர்களுக்கும் புதியதாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் அதைத் தினமும் பார்த்துத் திட்டிக்கொண்டிருக்கலாம், ஊர்ப்பெயர்கூட வைத்திருக்கலாம். அறிவியல் இலக்கியத்தில் அதற்கு ஒரு பெயரும் விவரிப்பும் இல்லை என்பது மட்டுமே ‘புதிய’ என்ற சொல்லின் பொருள்.

அதனால்தான் புதிய சிற்றினங்களில் பல காட்டில் அகப்படுவதில்லை. அருங்காட்சியக இழுப்பறைகளில் அகப்படுகின்றன. யாரோ எப்போதோ பிடித்து, ஊசியில் குத்தி, ‘பெயர் தெரியவில்லை’ என்று ஒதுக்கி வைத்தவை அவை. 2012இல் வெளியான ஓர் ஆய்வு, 2007ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட உயிரினங்களிலிருந்து 600 சிற்றினங்களைத் தேர்ந்தெடுத்து, முதல் முறை பிடிபட்டதற்கும் பெயர் வெளியானதற்கும் இடையே எத்தனை ஆண்டுகள் ஓடின என்று கணக்கிட்டது. சராசரி 21 ஆண்டுகள். செய்தித்தாளின் ‘கண்டுபிடிப்பு’ நேற்று நடந்ததாகத் தோன்றினாலும், பூச்சி ஒரு தலைமுறைக் காலம் பெட்டிக்குள் காத்திருந்திருக்கும்.

## எந்தப் பூச்சிகள் இவை

வயலில் அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, நாவாய்ப்பூச்சி என்று தனித்தனியாகச் சொல்கிறோம். இவையெல்லாம் ஹெமிப்டெரா என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. பெயரிடப்பட்டவை மட்டும் 80,000க்கு மேல்.

இவற்றை ஒன்று சேர்ப்பது வாய். வெட்டுக்கிளியைப்போல் இவற்றால் கடிக்க முடியாது. தலைக்கு அடியில் ஓர் உறை மடிந்து கிடக்கும். அதற்குள் மயிரிழையைவிட மெல்லிய நான்கு ஊசிகள். வெளியே உள்ள இரண்டும் திசுவைத் துளைக்கின்றன. உள்ளே உள்ள இரண்டும் ஒன்றோடொன்று கொளுவி, நடுவில் இரண்டு குழாய்களை உண்டாக்குகின்றன. ஒரு குழாய் வழியாக உமிழ்நீர் செடிக்குள் இறங்குகிறது. மற்றொன்று வழியாகச் சாறு மேலே வருகிறது. இந்த உமிழ்நீரோடுதான் பல செடிநோய்களுக்கான வைரஸ்களும் உள்ளே போகின்றன. உறிஞ்சும் பூச்சிகளின் அளவுக்கும் அவை செய்யும் சேதத்துக்கும் தொடர்பே இல்லாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வரிசையில் பலவற்றின் நீளம் சில மில்லிமீட்டர்தான். வண்ணத்துப்பூச்சியைப்போல் தூரத்திலிருந்து பார்த்துப் பெயர் சொல்ல வழியில்லை.

## ஒன்றுபோல் இருப்பவையும் வேறுபோல் இருப்பவையும்

சிற்றினம் என்பதற்குப் பாடப்புத்தக வரையறை எளிது: தங்களுக்குள் இனப்பெருக்கம் செய்துகொண்டு, மற்றக் கூட்டங்களோடு கலக்காமல் தொடரும் உயிர்க்கூட்டம். நெருங்கிய உறவுள்ள சிற்றினங்களைச் சேர்த்த தொகுதிக்குப் பேரினம் என்று பெயர்.

வரையறை எளிதுதான், ஆனால் ஊசியில் குத்திய பூச்சி தான் யாரோடு கலந்தது என்று சொல்வதில்லை! ஆகவே உருவத்திலிருந்து ஊகிக்க வேண்டும். ஏமாறுவதும் இங்கேதான்.

உலகின் வெப்பப் பகுதிகளில் பரவியிருக்கும் பச்சை நாவாய்ப்பூச்சியைப் பாருங்கள். பெயரிலேயே பச்சை. ஆனால் குளிர் நாடுகளில் அது ஓய்வுக்குப் போகும்போது உடல் முழுவதும் செம்பழுப்பாக மாறிவிடும். பருவம் திரும்பியதும் மீண்டும் பச்சையாகும். முழுப் பச்சை, தலையிலும் தோளிலும் மட்டும் மஞ்சள் பட்டை உள்ளது, முழுக்க மஞ்சள் கலந்தது என்று ஒரே சிற்றினத்துக்குள் பல நிற வடிவங்களும் உண்டு. நெற்பயிரைத் தாக்கும் புகையான் பூச்சியில் இறக்கை நீளமானவை, குட்டையானவை என இரண்டு வகை இருக்கும். கூட்டம் பெருகி உணவு குறைந்தால் நீள இறக்கை உள்ளவை அதிகமாகும். பறந்து வேறு வயலைத் தேட வேண்டுமல்லவா. பழக்கமில்லாதவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சத்தியமாக வேறு வேறு என்றுதான் சொல்வார்.

ஆணும் பெண்ணும் வேறு உருவம், இளம்பூச்சியும் முதிர்ந்த பூச்சியும் வேறு நிறம். மாவுப்பூச்சியில் இது உச்சம்: பெண் இறக்கையற்ற, மாவு பூசிய நீள்வட்டம், ஆண் உண்டென்றால், மெல்லிய இறக்கையுள்ள ஈயைப்போல் இருக்கும். மறுபக்கம், கண்ணுக்கு அச்சு அசலாக ஒன்றாகத் தெரியும் பூச்சிகள் இரண்டு சிற்றினங்களாகவும் இருக்கலாம்.

இதுவரை பார்த்ததன் சாரம் இதுதான்: ‘புதியது’ என்றால் பெயரிடப்படாதது. பெயரிடப்படாதது என்று சொல்ல, வித்தியாசம் தெரிந்தால் மட்டும் போதாது. அந்த வித்தியாசம் ஒரே கூட்டத்துக்குள் இருக்கும் இயல்பான வேறுபாடா, இரண்டு கூட்டங்களைப் பிரிக்கும் எல்லையா என்று காட்ட வேண்டும்.

## நுண்ணோக்கியின் கீழே

வேலை செடியிலிருந்தே தொடங்குகிறது. கிளைக்கு அடியில் வெள்ளைத் துணியை விரித்துக் குச்சியால் தட்டினால் பூச்சிகள் விழும். எந்தச் செடியில் விழுந்தது என்பதை அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. இறக்கை உள்ள பூச்சி காற்றில் வந்து எந்தச் செடியிலும் உட்காரும். உட்கார்ந்ததாலேயே அது அதன் உணவுச் செடி ஆகிவிடாது. இறக்கை முளைக்காத இளம்பூச்சிகளும் அதே செடியில் கிடைத்தால்தான் அங்கே பிறந்து வளர்கிறது என்று நம்பலாம். கவனமான ஆய்வாளர் செடியின் ஒரு கிளையையும் பூவோடு பறித்து, காகிதத்தில் அழுத்திக் காயவைத்துச் சேர்த்து வைப்பார். பூச்சியின் பெயர் சரியாக இருந்து செடியின் பெயர் தவறாகப் போன கட்டுரைகள் குறைவல்ல.

பிடித்த பூச்சிகளில் சில சாராயத்தில் போகும்; சில காயும். ஊசி குத்தினால் உடைந்துபோகும் அளவுக்குச் சிறியவற்றை முக்கோணமாக வெட்டிய அட்டைத் துண்டின் நுனியில் ஒரு துளிப் பசையால் ஒட்டி, அட்டையில்தான் ஊசியைக் குத்துவார்கள். அதே ஊசியில் இடம், தேதி, பிடித்தவர், செடி ஆகியவற்றைச் சொல்லும் பொடி எழுத்துச் சீட்டு. இப்படிப் பதப்படுத்திய ஒவ்வொரு பூச்சியும் ஒரு ‘மாதிரி’. சீட்டு இல்லாத மாதிரி எவ்வளவு அழகாக இருந்தாலும் கிட்டத்தட்டப் பயனற்றது.

பிறகு அளவெடுப்பு. தலையின் அகலம், கண்களுக்கு இடையிலான தூரம், உணர்கொம்பின் ஒவ்வொரு கணுவின் நீளம், மடிந்து கிடக்கும் உறிஞ்சும் உறை எந்தக் கால்வரை எட்டுகிறது என எல்லாம் எண்களாகும். நிறம் ஏமாற்றும், கணுக்களின் விகிதம் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

பல குடும்பங்களில் கடைசித் தீர்ப்பு ஆண்பூச்சியின் இனப்பெருக்க உறுப்பில் இருக்கிறது. வயிற்று நுனியைப் பிரித்தெடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வைத்தால் சதை கரைந்து, கைட்டின் எனப்படும் கடினப்பொருளால் ஆன உறுப்புகள் மட்டும் கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும். மிரிடே என்ற செடிநாவாய்க் குடும்பத்தில் ஆணுக்கு ஒரு சோடிக் கொக்கிகள் உண்டு. இடக் கொக்கியும் வலக் கொக்கியும் ஒன்றுபோல் இருக்காது. இடது பெரிதாக வளைந்திருக்கும், வலது சிறுத்திருக்கும். அந்த வளைவு எங்கே தொடங்குகிறது, நுனி மழுங்கலா கூரா, நடுவில் பல் உண்டா என்பதில்தான் அடுத்தடுத்த சிற்றினங்கள் பிரிகின்றன. வெளியே பார்த்தால் இரட்டையர். கொக்கியைப் பார்த்தால் அந்நியர். பார்த்து முடித்த உறுப்பைத் தூக்கிப் போட்டுவிடுவதில்லை. கிளிசரின் துளியோடு ஒரு குட்டிக் குப்பியில் அடைத்து, அதே பூச்சியின் ஊசியிலேயே குத்தி வைக்கிறார்கள். நாளைக்குச் சந்தேகப்படுகிறவர் அதைத் திறந்து பார்க்க வேண்டும்.

இவ்வளவும் பாதி வேலைதான். அந்தப் பேரினத்தில் இதுவரை பெயரிடப்பட்ட எல்லாவற்றோடும் ஒப்பிட வேண்டும் என்பதுதான் நாள் தின்னும் பகுதி. பழைய விவரிப்புகள் இலத்தீனிலும் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் இருக்கும். சில இரண்டே வரி: உடல் பச்சை, கால் மஞ்சள், முடிந்தது. அந்த இரண்டு வரிக்கு எந்தப் பூச்சி பொருந்தாது? அப்போது எழுத்தை விட்டுவிட்டு, எழுதியவர் கையில் வைத்திருந்த பூச்சியையே தேடிப் போக வேண்டும்.

## பெயருக்கு அடிக்கும் முளை

அப்படித் தேடிப் போகும் பூச்சிக்கு ஹோலோடைப் என்று பெயர். புதிய சிற்றினத்தை விவரிப்பவர் தன்னிடமுள்ள மாதிரிகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘இந்தப் பெயர் இதற்குச் சொந்தம்’ என்று அறிவிக்கிறார். அவர் ஆராய்ந்து அதே சிற்றினம் என்று கருதிய மற்ற மாதிரிகள் பாராடைப்கள்.

ஹோலோடைப் என்றதும் அந்த இனத்திலேயே சிறந்தது, சராசரியானது, மற்றவையெல்லாம் அதைப்போல் இருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி எந்தத் தகுதியும் அதற்குத் தேவையில்லை. ஆட்டை முளையடித்துக் கட்டுவதை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை நீட்டினால் மேயும் வட்டம் பெரிதாகும், சுருக்கினால் சிறிதாகும். முளை நட்ட இடத்திலேயே நிற்கும். சிற்றினத்தின் எல்லை எது என்று ஆய்வாளர்கள் கயிற்றைக் கூட்டிக் குறைத்து வாதிடலாம். பெயர் மட்டும் முளையை விட்டு நகராது. நாளைக்கு ஒருவர் இந்த ஒரு சிற்றினத்துக்குள் உண்மையில் இரண்டு இருக்கின்றன என்று பிரித்துக் காட்டினால், எந்தப் பாதிக்குப் பழைய பெயர்? முளை எந்தப் பாதியில் நிற்கிறதோ அதற்கு. மற்றப் பாதிக்குப் புதுப் பெயர், புது முளை.

அதனால் ஹோலோடைப்பை வீட்டில் வைத்துக்கொள்வது முறையல்ல. நிரந்தரமான சேகரிப்பில் வைக்கிறார்கள்; சிவப்புச் சீட்டு ஒட்டுவது பரவலான வழக்கம். அதையும் தீ விட்டுவைப்பதில்லை. 2018இல் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது பூச்சிச் சேகரிப்பின் பெரும்பகுதி சாம்பலானது. முளை அழிந்த பெயர்களில் குழப்பம் எழுந்தால் மாற்று முளை ஒன்றை நியமிக்க விதிகள் இடம் தருகின்றன.

## யாரும் கையெழுத்துப் போடுவதில்லை

விலங்குகளுக்கான அறிவியல் பெயர்களை அனைத்துலக விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு என்ற சட்டப்புத்தகம் ஆள்கிறது. இப்போதைய நான்காம் பதிப்பு 2000 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதைப் பேணும் ஆணையம் 1895இல் தொடங்கியது. இந்த ஆணையத்துக்கு விண்ணப்பித்து ஒப்புதல் பெற வேண்டும் என்பதுதான் பரவலான தவறான எண்ணம். அது புதிய பெயர்களை ஒப்புக்கொள்வதும் இல்லை, நிராகரிப்பதும் இல்லை. பெயர்களில் தகராறு முற்றி யாராவது கொண்டுபோனால்தான் தீர்ப்புச் சொல்லும்.

விதிகளுக்கு உட்பட்டு வெளியிட்டால் பெயர் பிறந்துவிடும். விதிகளின் சாரம் கடினமானதல்ல. புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மற்றவற்றிலிருந்து பிரிக்கும் பண்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். ஹோலோடைப்பைக் குறிப்பிட்டு, அது எந்தச் சேகரிப்பில் இருக்கும் என்று கூற வேண்டும். மின்னிதழ்களில் வெளியாகும் பெயர்கள் 2012 முதல் ஏற்கப்படுகின்றன. அவற்றை ஜூபேங்க் என்ற பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். பூச்சியின் விவரிப்பு இலத்தீனில் இருக்க வேண்டியதில்லை. அந்தக் கட்டாயம் தாவரங்களுக்கு இருந்தது, 2011 முடிவோடு அதுவும் போய்விட்டது.

கவனியுங்கள்: உண்மையிலேயே புதியதா என்பதை விதித்தொகுப்பு கேட்கவே இல்லை. அது அறிவியலின் கேள்வி. விதி பெயரை மட்டும் பார்க்கிறது. ஒரு பெயர் விதிப்படி முற்றிலும் செல்லுபடியாகி, அறிவியல்படி வெறும் தவறாக இருக்கலாம்.

தன் பெயரையே பூச்சிக்கு வைத்துக்கொள்ள விதியில் தடை இல்லை. ஆனால் துறையில் அதைக் கேலியாகத்தான் பார்ப்பார்கள்.

வெளியான பெயரைப் படிப்பதும் சுலபம். பச்சை நாவாய்ப்பூச்சி: நெசாரா விரிடுலா (லின்னேயஸ், 1758). முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம், பிறகு முதலில் விவரித்தவரும் ஆண்டும். அடைப்புக்குறி அலங்காரமல்ல. லின்னேயஸ் இதைச் சைமெக்ஸ் என்ற பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் வந்தவர்கள் வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள் என்பதை அது சொல்கிறது. விலங்குப் பெயர்களின் கணக்கே அந்த 1758இலிருந்துதான் தொடங்குகிறது.

ஆக, பெயரை உண்டாக்குவது வெளியீடு. பெயரைப் பிடித்து வைத்திருப்பது ஹோலோடைப். சிற்றினம் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது பின்னால் வரும் ஆய்வு.

## மரவள்ளி மாவுப்பூச்சி: ஒரு பெயரின் விலை

‘இத்தனை மெனக்கெடல் எதற்கு? பூச்சி பூச்சிதானே, மருந்தடித்தால் போயிற்று’ என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மரவள்ளி மாவுப்பூச்சியின் கதையைத்தான்.

மரவள்ளி தென் அமெரிக்கச் செடி. சில நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவுக்குப் போய், கோடிக்கணக்கான மக்களின் அன்றாட உணவாகிவிட்டது. 1970களின் தொடக்கத்தில் காங்கோ ஆற்றுப் பகுதியில் மரவள்ளியின் குருத்துகள் சுருண்டு கொத்தாக நின்றன. உள்ளே வெள்ளை மாவு பூசிய பூச்சிகள். சில இடங்களில் விளைச்சலில் 80 சதவீதம்வரை போனது. அந்தப் பூச்சிக்கு அப்போது பெயர் இல்லை. பெயர் இல்லாததால் அது எந்த ஊர்ப் பூச்சி, அதைத் தின்னும் எதிரி எது என்று எந்த நூலிலும் தேட வழியில்லை.

1977இல் பாரிஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேனியல் மாத்தில்-ஃபெரெரோ அதை விவரித்து ஃபெனகாக்கஸ் மனிஹோட்டி என்று பெயரிட்டார். மாவுப்பூச்சியை விவரிப்பது நாவாய்ப்பூச்சியைவிடக் கடினம். மெழுகைக் கழுவி, உள்ளே இருப்பதைக் கரைத்து, வெறும் தோலுக்குச் சாயமேற்றிக் கண்ணாடித் தகட்டில் பதித்து, அதிலுள்ள நுண்துளைகளையும் குழாய்களையும் மயிர்களையும் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். இந்தச் சிற்றினத்தில் ஆண் இல்லாமலே பெண்கள் பெண்களைப் பெறுகின்றன. ‘தங்களுக்குள் கலந்து இனப்பெருக்கம் செய்யும் கூட்டம்’ என்று மேலே சொன்ன பாடப்புத்தக வரையறை இங்கே கையை விரித்துவிடும். உருவமும் உறவுமே துணை.

மரவள்ளி பிறந்த கண்டத்தில்தான் பூச்சியின் தாயகமும் இருக்க வேண்டும் என்று தேடினார்கள். மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவின் வடபகுதியிலும் மரவள்ளியில் ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது. பார்வைக்கு அதுவேதான். அதன் எதிரிகளைப் பிடித்து ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவை நிலைக்கவில்லை.

காரணம் கண்ணாடித் தகட்டில் இருந்தது. வடக்கே கிடைத்தது வேறு சிற்றினம். அது மஞ்சள் சாயல் கொண்டது, அதில் ஆணும் உண்டு. ஆப்பிரிக்காவை அழித்தது இளஞ்சிவப்பு, பெண் மட்டும். 1981இல் காக்ஸ், வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அந்த வடக்குப் பூச்சியைத் தனியாக விவரித்து ஃபெனகாக்கஸ் ஹெரெனி என்று பெயரிட்டார்கள். அந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்திய ஹான்ஸ் ஹெரென் பெயரில்தான்! அவர் தேடிய பூச்சிக்கல்ல, அவரை அலைக்கழித்த பூச்சிக்கு அவருடைய பெயர் கிடைத்தது.

தவறான பூச்சி எது என்று தெரிந்ததும் தேடல் தெற்கே திரும்பியது. அதே 1981இல் அந்தோனி பெல்லோட்டி உண்மையான பூச்சியைப் பராகுவேயில் கண்டார். அங்கே அதன் உடலுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் அனகைரஸ் லோபேசி என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி இருந்தது. தனிமைப்படுத்திச் சோதித்த பிறகு அதை நைஜீரியாவில் விட்டார்கள். அங்கிருந்து அது மரவள்ளி விளையும் நாடுகள் பலவற்றுக்கும் கொண்டுசெல்லப்பட்டது, மாவுப்பூச்சி அடங்கியது. ஹெரெனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. துளைகளை எண்ணியவர்களுக்குப் பரிசு கிடைக்காதது ஆச்சரியமில்லை, ஆனால் அவர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

## ஒரே பூச்சிக்கு இரண்டு பெயர்

எதிர்த்திசையிலும் தவறு நடக்கும். அமெரிக்காவில் திராட்சை இலைகளில் கொப்புளம் உண்டாக்கும் ஒரு பூச்சிக்கு ஆசா ஃபிட்ச் 1855இல் பெயரிட்டார். 1868இல் பிரான்சில் கொடிகள் காரணம் தெரியாமல் பட்டுப்போய்க்கொண்டிருந்தபோது, வேர்களில் மஞ்சள் பூச்சிகளைக் கண்ட பிளாஞ்சோன் அவற்றுக்கு வேறு பெயரிட்டார். ஒன்று இலையில், ஒன்று வேரில்; ஒன்று அக்கண்டம், ஒன்று இக்கண்டம். பிறகு இரண்டும் ஒன்றே என்று தெளிவானது. அதுதான் ஃபில்லாக்சரா.

ஒரே உயிருக்கு இரண்டு பெயர் வந்துவிட்டால் முந்தியது நிற்கும். இதற்கு முன்னுரிமை விதி என்று பெயர். பிந்தியது ‘இணைப்பெயர்’ ஆகி ஒதுங்கும், ஆனால் அழிக்கப்படுவதில்லை. ஃபிட்ச் வைத்த சிற்றினப் பெயரே இன்றும் நிற்கிறது. புகழுக்காக அவசரப்பட்டுப் புதுப் பெயர் வைப்பவர்களின் பெயர்களில் பல கடைசியில் இந்தப் பட்டியலில்தான் சேர்கின்றன.

## டி.என்.ஏ. சொல்லிவிடாதா?

பெரிதும் உதவுகிறது, ஆனால் திரையில் ‘புதியது’ என்று எழுதிக் காட்டாது. பூச்சிகளில் வழக்கமாகப் படிப்பது மைட்டோகாண்டிரியாவின் ஒரே ஒரு மரபணுவில் சுமார் 650 எழுத்து நீளமுள்ள துண்டு. இதற்கு டி.என்.ஏ. பட்டைக்குறி என்று பெயர். இரண்டு மாதிரிகளின் துண்டுகள் எத்தனை சதவீதம் வேறுபடுகின்றன என்று அது சொல்லும். எத்தனை சதவீதத்தில் சிற்றினம் மாறுகிறது என்பதை மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும். எல்லாப் பூச்சிகளுக்கும் பொருந்தும் ஒரு கோடு கிடையாது. பெயரிட்ட சிற்றினங்களில் ஏராளமானவற்றின் துண்டு இன்னும் படிக்கப்படவே இல்லை. ஆகவே ‘பொருத்தம் இல்லை’ என்ற விடைக்கு, புதியது என்றும் பொருள் கொள்ளலாம், பழையதை யாரும் இன்னும் சோதிக்கவில்லை என்றும் பொருள் கொள்ளலாம்.

வெள்ளை ஈ இதற்கு நல்ல பாடம். பெமிசியா டபாசி என்று கிரேக்க நாட்டுப் புகையிலையிலிருந்து 1889இல் விவரிக்கப்பட்டது. அதன் இளம்பருவம் ரோமம் அடர்ந்த இலையில் வளர்ந்தால் முதுகில் நீண்ட மயிர்கள் தோன்றும், வழவழப்பான இலையில் வளர்ந்தால் தோன்றாது. இது தெரியாத காலத்தில் பல பெயர்கள் வைத்துவிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் அவையெல்லாம் ஒன்றாகச் சுருக்கப்பட்டன. பிறகு மரபணுவைப் படித்ததும் நிலைமை தலைகீழானது: கண்ணுக்குப் பிரிக்கவே முடியாத 30க்கு மேற்பட்ட கூட்டங்கள் அதற்குள் இருப்பதாகத் தெரிகிறது, பல ஒன்றோடொன்று கலப்பதில்லை. 1994இல் ஒரு கூட்டத்துக்குத் தனிச் சிற்றினப் பெயர் கொடுத்தார்கள். அதை ஏற்பதா என்று துறைக்குள்ளேயே நெடுங்காலம் இழுபறி. மரபணு வித்தியாசத்தைக் காட்டிவிட்டது. பழைய பெயரின் முளை எந்தக் கூட்டத்தில் நிற்கிறது என்பதைச் சொல்ல அப்போதும் பழைய மாதிரிகளிடம்தான் போக வேண்டியிருக்கிறது.

## படம் மட்டும் போதுமா?

இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, நல்லதுதான். 2012இல் விவரிக்கப்பட்ட செமகிரைசா ஜேட் என்ற கண்ணாடி இறக்கைப் பூச்சி, மலேசியக் காட்டில் ஒருவர் எடுத்து இணையத்தில் போட்ட படத்தின் மூலம்தான் நிபுணர் கண்ணில் பட்டது. (அது வேறு வரிசையைச் சேர்ந்தது, சாறு உறிஞ்சுவதல்ல.) ஆனால் அந்தப் படத்தை வைத்துப் பெயரிடவில்லை. படமெடுத்தவரே திரும்பப் போய் ஒரு பூச்சியைப் பிடித்து அனுப்பிய பிறகுதான் விவரிப்பு எழுதப்பட்டது. கொக்கியின் வளைவையும் மாவுப்பூச்சியின் துளையையும் படம் காட்டாது.

இருந்தாலும் அறியாத ஒரு நாவாய்ப்பூச்சியைப் பார்த்தால் படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முடிந்தால் கவிழ்த்து உறிஞ்சும் உறை தெரியும்படி ஒன்று. பூச்சியை எடுத்து முடித்ததும் செடியையும் எடுங்கள்: இலையின் இரு பக்கமும், பூ இருந்தால் பூவும். பக்கத்து இலைகளைத் திருப்பி இறக்கை இல்லாத குட்டிகள் இருக்கின்றனவா என்று பார்த்து அவற்றையும் எடுங்கள். இடமும் தேதியும் படத்தோடு இருக்கட்டும். பெரும்பாலும் அது ஏற்கெனவே பெயருள்ள பூச்சியாகத்தான் இருக்கும். அப்போதும், அது எந்தச் செடியில் பிறந்து வளர்கிறது என்ற தகவல் இதுவரை யாரும் எழுதாததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.